புதுக்கடையில் என் பாதித் தோட்டம்

1

போன சனிக்கிழமை காலையில், இங்கே இங்கிலாந்தில், லீட்ஸில் என் பக்கத்து வீட்டுக்காரர் காலின் கையில் அளவு டேப்புடன் வேலியருகே வந்து நின்றார். என் பீன்ஸ் கொடிக்கு நான் கட்டியிருந்த கம்புப் பந்தல் அவருடைய பலகை வேலியில் சாய்கிறதாம். வேலி யாருடையது, பந்தல் எத்தனை அங்குலம் தாண்டியிருக்கிறது என்று இருவரும் சேர்ந்தே அளந்துவிடலாம், அதுதான் நியாயம் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். பன்னிரண்டு வருடமாக மழையைத் தவிர வேறெதைப் பற்றியும் என்னிடம் பேசாத மனிதர்.

டேப்பைப் பார்த்ததும் "அளக்க வேண்டாம்" என்று சொல்ல வாயெடுத்தேன். ஆங்கிலத்தில் ஒரு சொல் கூடுதலாக விழுந்து, "என்னை அளக்காதீர்கள்" என்று ஆகிவிட்டது. முப்பத்திரண்டு வருடம் இந்த நாட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள் நான். பதற்றம் வந்தால் இன்றும் ஆங்கிலம் காலை வாரிவிடும். காலினின் முகம் சிவந்துபோயிற்று. டேப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அரை மணி நேரத்தில் பந்தலைப் பிரித்துப் போட்டுவிட்டேன். கொடி நிறையப் பூ இருந்தது.

போனில் இதைக் கேட்ட என் மகள் அனிதாவுக்கு ஆத்திரம். "சண்டை போடாம நீ விட்டுக்கொடுத்து நான் பார்த்ததே இல்லையேம்மா" என்றாள்.

உண்மைதான். ஊரில் என் தோட்டத்தின் நடுவே சர்வேயர் கயிறு கட்டி இந்த வாரத்தோடு ஒரு வருடம் ஆகிறது. அளக்கச் சொல்லி மனுப் போட்டவளும் நான்தான்.

2

தாய்மண் ஏக்கத்தில் ஊருக்குத் திரும்பினேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எனக்கு ஊரைப் பெரிதாகப் பிடித்ததே இல்லை. பதினெட்டு வயதில் நர்சிங் படிக்க ஓடியதே அதனால்தான். என் கணவர் இறந்து, அனிதா லண்டனில் வேலைக்குப் போய், எனக்கும் ஓய்வு கிடைத்தபோது வேண்டியிருந்தது வெயில் மட்டும்தான். லீட்ஸில் வெண்டை காய்க்காது. புடலை பூக்கும், பிஞ்சு பிடிக்கும் முன் குளிர் வந்துவிடும். எட்டு வருடம் முயன்று, எட்டு வருடமும் தோற்றேன்.

புதுக்கடைக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு விளை உண்டு. மேட்டு நிலத் தோப்பை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அப்பா அதை எனக்கும் என் தம்பி ஜெபமணிக்கும் பங்கு வைத்துக்கொடுத்தார். கிழக்கே பழைய வீட்டோடு என் பங்கு. மேற்கே ஜெபமணியும் அவன் மனைவி ரீத்தாவும் வீடு கட்டி இருந்தார்கள். அவனுக்கு வாழை வியாபாரம். பங்கு எழுதியபோது நான் இரண்டு வார லீவில் வந்திருந்தேன். ரிஜிஸ்தர் ஆபீசில் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு விமானம் ஏறினேன். பத்திரத்தைப் படிக்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு நடைபாதை இருந்தது. அதுதான் எல்லை என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்த முதல் ஆறு மாதம் என் வாழ்க்கையில் இப்படியும் ஒரு சுகம் உண்டா என்றிருந்தது. வைகாசி மழையில் செம்மண் பஞ்சு போலக் கிடந்தது. காலை ஐந்தரைக்கு எழுந்து, காப்பி குடிக்காமல்கூட மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவேன். வழுதலங்காய் என்று நாங்கள் சொல்லும் கத்தரி, வெண்டை, கொடிப் பயறு, தடியங்காய் என்கிற வெண்பூசணி எல்லாம் தனித்தனிப் பாத்தி. கிணற்றடி ஈரத்தில் சேம்பு. தோவாளைக்குப் பஸ் ஏறிப்போய், பூ விவசாயம் செய்யும் ஒரு பெண்ணிடம் பேசிப் பேசி ஆறு பிச்சிக் கன்று வாங்கி வந்தேன். அதில் ஐந்து பிடித்தது. மட்டி வாழையில் புது இலை சுருளாக வந்து மறுநாள் விரிந்துகிடப்பதைப் பார்க்க, பல் தேய்க்காமல் போய் நிற்பேன். எந்தப் பாத்தியில் எந்த விதை என்று ஐஸ்கிரீம் குச்சியில் எழுதி நட்டேன். கையுறை போட்டேன். அகலத் தொப்பி வைத்தேன். தெருவில் போகிறவர்கள் நின்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். முதல் வெண்டைக்காயைச் செடியிலிருந்தே ஒடித்துப் பச்சையாகத் தின்றேன்.

ஜெபமணி மட்டும் சிரிக்கவில்லை. காலையில் நடைபாதை ஓரம் வந்து நிற்பான். நான் எங்கே கொத்துகிறேன் என்று பார்ப்பான். "என்னடே?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல" என்று போய்விடுவான். வயிற்றெரிச்சல் என்று முடிவு கட்டினேன்.

3

சண்டை கோழியில் ஆரம்பித்தது. ரீத்தாவின் கோழிகள் நான் விதைத்த கீரைப் பாத்தியை இரண்டு முறை சீய்த்துப் போட்டன. மூன்றாவது முறை கல்லெடுத்து எறிந்தேன். ஒரு கோழிக்குக் கால் போயிற்று.

ரீத்தா அதைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். "மைனி, கோழிக்கு எல்லை தெரியுமா? எங்கிட்ட சொன்னா நான் அடச்சிப் போடமாட்டேனா?"

"மனுசருக்குத் தெரிஞ்சா போதும்" என்றேன்.

அதன்பிறகு எல்லாம் குற்றமாகத் தெரிந்தது. அவர்கள் பக்கம் ஓங்கி நின்ற அயனி மரம்தான் எனக்கு முதல் எதிரி. மதியம் ஒரு மணிக்கெல்லாம் அதன் நிழல் என் பயற்றுப் பந்தலில் விழுந்துவிடும். முசுறு எறும்பு கூடு கூடாக உதிரும். இலை தினமும் ஒரு கூடை. கூட்டி வாரி அவன் முற்றத்து வாசலில் கொட்டினேன். அவன் அதைத் திரும்ப அள்ளி என் பக்கம் போட்டான். ஒரு வாரம் ஒரே இலைக்குவியல் இரண்டு வீட்டுக்கும் போய் வந்தது.

ஒருநாள் நேரிலேயே கேட்டேன். "ஜெபமணி, அந்த மரத்த வெட்டு. இல்லியெண்ணா கிளையாவது கோது."

"அது எனக்க மோளுக்கு வீடு வைக்கதுக்கு உள்ள தடி. இன்னும் நாலு வருசம் நிக்கணும்."

"மரம் எனக்க பங்குலயாக்கும் நிக்குது. பாதை வளைஞ்சி போவுது, நீ பாத்தியா? நேராப் பிடிச்சா மரம் இந்தப் பக்கம்."

அவன் என் பக்கம் ஓரடி வந்தான். பிறகு, "உனக்கு மரமாக்கும் பிரச்சினை? நான் இங்க இருக்கதுதான் உனக்குப் பிரச்சினை" என்றான்.

"நாப்பது வருசமா எனக்க மண்ண ஆண்டு அனுபவிச்சவன் நீ" என்றேன். அதில் கணக்கும் தப்பு, பேச்சும் தப்பு.

அப்போதுதான் அதைச் சொன்னான். சத்தம் போடவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"அம்மை மூணு வருசம் கெடையில கெடந்தா. நீ ரெண்டு தடவ வந்த, பத்துப் பத்து நாளு. லோகத்துல உள்ளவனுக்கெல்லாம் நீ குண்டி கழுவின. அம்மைக்கு நானும் ரீத்தாவும் கழுவினோம். மண்ண பத்தி நீ எங்கிட்ட பேசாத."

லீட்ஸில் நான் வேலை பார்த்தது முதியோர் வார்டில். அவன் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை உண்மை. லீவு கிடைக்கவில்லை என்று அப்போது சொல்லியிருந்தேன். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். ஆனால் அன்றைக்கு இதெல்லாம் என் மண்டையில் ஏறவில்லை. இவனை எழுத்தில் ஜெயிக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

4

நிலத்தை அளக்கக் கேட்டு மனுப் போடுவது எவ்வளவு எளிது என்று சொன்னவர்கள் யாரும் மனுப் போட்டவர்கள் அல்ல. முதலில் கிராம அலுவலகம். அங்கிருந்த உதவியாளர் பேனாவைத் திறந்துகொண்டு "உங்களுக்கு எந்த ஊரு?" என்று கேட்டார். நான் யோசிக்காமல் "லீட்ஸ்" என்றேன். அறையிலிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். "அது கிள்ளியூருக்குத் தெக்கயா, வடக்கயா?" என்றார் வரிசையில் நின்ற ஒருவர். பிறந்த ஊரில், பிறந்த வீட்டு மண்ணுக்காக நின்றுகொண்டு என் வாய் அப்படிச் சொல்லிற்று. இன்றும் நினைத்தால் காது சுடுகிறது.

அங்கிருந்து கணினி மையத்துக்கு அனுப்பினார்கள். என் அடையாள அட்டை வெளிநாட்டு அட்டை, அதற்குப் படிவத்தில் கட்டமே இல்லை. என் போன் எண்ணில் ஓர் எண் கூடுதல், அதற்கும் கட்டம் இல்லை. மூன்று நாள் அலைந்த பிறகு அங்கிருந்த பெண் ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"ஆன்ட்டி, இந்தப் பட்டாவுல ஏற்கெனவே ஒரு நம்பர் இருக்கு. அதுக்கு ஓ.டி.பி. போயிருக்கு. அந்த ஆறு நம்பரைச் சொல்லுங்க, மனு ஏறிரும்."

எண்ணைப் பார்த்தேன். ஜெபமணியின் எண். இத்தனை வருடமும் என் பங்குக்கும் சேர்த்துத் தீர்வை கட்டியவன் அவன்தானே.

தம்பிக்கு எதிராகப் போடும் மனுவுக்குத் தம்பியிடமே எண் கேட்க வேண்டும். வேறு யாராவதாக இருந்தால் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பார்கள். நான் போன் செய்தேன்.

"உனக்க போனுல ஒரு நம்பரு வந்திருக்கும். சொல்லு."

"எதுக்கு?"

"நிலத்த அளக்க மனுப் போடுகேன்."

வாழைத்தார் ஏற்றும் வண்டி ஒன்று உறுமுவது மட்டும் கேட்டது. பிறகு, "அளக்காண்டாம்க்கா" என்றான். அக்கா என்று அவன் என்னைக் கூப்பிட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது.

"பயமா இருக்கா?" என்றேன்.

அவன் ஆறு எண்ணையும் ஒவ்வொன்றாகச் சொன்னான். அதற்குள் நேரம் கடந்துவிட்டது என்றாள் அந்தப் பெண். மறுபடி அனுப்பினாள். மறுபடியும் அவனே ஒவ்வொன்றாகச் சொன்னான். கடைசி எண்ணைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

தையில் போட்ட மனுவுக்கு ஆடியில்தான் சர்வேயர் வந்தார்.

5

சாரல் மழை. சர்வேயர் வேறு மாவட்டத்துக்காரர், இளைஞர். சேறு ஒட்டாமல் பேண்டை மடித்துக்கொண்டு, புலப்படத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துப் பார்த்தார். அக்கம்பக்கத்தில் ஏழெட்டுப் பேர் குடையோடு கூடிவிட்டார்கள். நான் பத்திர நகலைக் கையில் பிடித்திருந்தேன். அப்போதும் படித்திருக்கவில்லை. ஜெபமணி அயனி மரத்தடியில் கைகட்டி நின்றான்.

தெருவோரத்துப் பழைய கல்லைத் தோண்டி எடுத்தார்கள். தெற்கே இன்னொரு கல், புதரை வெட்டியதும் கிடைத்தது. இரண்டுக்கும் நடுவே சங்கிலி பிடித்துக் கயிறு கட்டினார்கள். கயிறு நடைபாதைப் பக்கமே போகவில்லை. என் பயற்றுப் பந்தலுக்குள் நுழைந்து, வழுதலைப் பாத்திக்குக் கிழக்கே போய், என் வீட்டுச் சுவரிலிருந்து பத்தடியில் நின்றது.

"கயிறு தப்பாக் கெட்டியிருக்குதிய" என்றேன்.

சர்வேயர் என் கையிலிருந்த பத்திரத்தை வாங்கிப் புரட்டினார். "தப்பில்லைம்மா. இதுலேயே தெளிவா எழுதியிருக்கே. கிணறும் கிணற்றைச் சுற்றியுள்ள நிலமும் தம்பி பங்கு. மரம் அவரோட எல்லைக்குள்ள நல்லா உள்ளே இருக்கு. நீங்க பயிர் வச்சிருக்கிறதுல பாதிக்கு மேல அவர் நிலம்." கீழே ஒரு கையெழுத்தைக் காட்டினார். "இது உங்க கையெழுத்துதானே?"

என் கையெழுத்துதான்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜெபமணியைப் பார்த்தேன். அவன் முகத்தில் ஜெயித்த களை ஒன்றும் இல்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உனக்கு நேரத்தே தெரியுமா?" என்று கேட்டேன்.

"எனக்க பத்திரத்த நான் வாசிச்சிருக்கேன்" என்றான்.

"பின்ன எதுக்குச் சொல்லல்ல?"

"அளக்காண்டாம்னு சொன்னேன் இல்லியா? அது எனக்காகவாக்கும்னு நெனச்சியா?" அவன் குரல் அப்போதுதான் உயர்ந்தது. "நீ நட்டது எதையாவது நான் பிடுங்கினேனா? ஒரு செடிய? எனக்கு உன்னப் பிடிக்காது, உள்ளதச் சொல்லுகேன். ஆனா நீ நடுகதப் பாத்துட்டு சும்மாதான் இருந்தேன். இப்ப இத்தன பேருக்க முன்ன அளந்துட்ட. இனி வேலி போடாம இருந்தா நான் மடையன்."

6

வேலிக்கு ஆள் மறுநாள் காலை வருவதாக இருந்தது. அன்று மதியமே நான் இறங்கிவிட்டேன்.

இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் எழுதாவிட்டால் மற்றதெல்லாம் பொய். கயிற்றுக்கு மேற்கே இருந்த ஒவ்வொரு செடியையும் பிடுங்கினேன். பயற்றுப் பந்தலை வெட்டிச் சாய்த்தேன், பிஞ்சும் பூவுமாக விழுந்தது. வழுதலைச் செடிகளை இரண்டு கையாலும் பிடித்து வேரோடு இழுத்தேன். சேம்பைக் கொத்திப் போட்டேன். பிச்சி ஐந்தும் அந்தப் பக்கம்தான். வேர் ஆழப் போயிருந்தது, வரவில்லை. வெட்டுக்கத்தியால் அடியோடு வெட்டினேன். கையுறை போடவில்லை. உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது. அவன் மண்ணில் என்னுடைய ஒரு இலைகூட இருக்கக் கூடாது என்பதுதான் அப்போது என் புத்தி.

ஜெபமணி தன் வீட்டுப் படியில் உட்கார்ந்து கடைசி வரை பார்த்தான். முடித்து நான் நிமிர்ந்தபோது சொன்னான்: "தோட்டத்துக்க மேல உனக்கு ஆசையே இல்ல கேட்டியா. ஜெயிக்கதுக்காக நட்டிருக்க."

வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அவனுக்கு என்ன தெரியும், முதல் வெண்டைக்காயின் ருசி அவனுக்கா தெரியும் என்று பிறகு பல நாள் மனதுக்குள் பதில் சொல்லியிருக்கிறேன்.

சாயங்காலம் ரீத்தா வந்தாள். ஒரு கிண்ணத்தில் மஞ்சள் அரைத்து வைத்திருந்தாள். என் கையைப் பார்த்துவிட்டு, கேட்காமலே பூசினாள்.

"அவரு ஏன் சொல்லல்லண்ணு எனக்கும் அறியாது மைனி. ரெண்டு தடவ நான் சொல்ல வந்தேன், என்னை ஏசினாரு. நட்டுட்டுப் போட்டும், வாயப் பொத்துண்ணாரு." பிறகு கையை உதறிக்கொண்டு எழுந்தாள். "ஆனா நீங்க செஞ்சது பாவம். காய் பிடிச்ச செடி அது. எங்க மேல உள்ள கோவத்துல செடிக்க மேல கைய வச்சிட்டிய."

என் வீட்டுக்குத் தண்ணீர் அந்தக் கிணற்றிலிருந்துதான் வந்தது. என் மோட்டார் அங்கே இருந்தது. வேலி போட்ட ஆட்களிடம் ஜெபமணி அந்த வயரைத் தொட வேண்டாம் என்று சொல்வது என் காதில் விழுந்தது. மறுநாள் நானே போய் வயரைக் கழற்றினேன். பிறகு தெருக்குழாயில் குடம் பிடித்து, மூட்டு வலியோடு சுமந்து, மீதி இருந்த பத்தடிக்கு ஊற்றினேன். பன்னிரண்டு நாள் தாங்கினேன். பதின்மூன்றாம் நாள் டிக்கெட் எடுத்தேன். போகிறேன் என்று அவர்களிடம் சொல்லவில்லை.

7

லீட்ஸில் என் நாள் இப்போது இப்படிப் போகிறது. காலை ஏழுக்குத் தேநீர். பத்தடிக்கு எட்டடிப் பின்முற்றம். தொட்டியில் புதினா, மல்லி. குளிருக்குப் பயந்து சமையலறை ஜன்னலில் வாழும் ஒரு கறிவேப்பிலை. அனிதா பின்முற்றத்துக்குக் கல் பாவிவிடச் சொல்கிறாள், எனக்குச் சிரமம் குறையுமாம். அவள் விளைக்கு ஒரே ஒருமுறை வந்தாள். ஐந்து நாளும் கொசுவுக்குப் பயந்து உள்ளேயே இருந்தாள். மாமாவோடு அவள் பேசியது மொத்தம் நாலு வாக்கியம் இருக்கும்.

பந்தலைப் பிரித்த அன்று அவளிடம் முழுக் கதையையும் முதல்முறையாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, "இவ்வளவுதானே? ஒரு மெசேஜ்ல ஸாரி சொல்லிடும்மா" என்றாள்.

காலினிடம் ஒரு நாளைக்கு ஆறு முறை ஸாரி சொல்கிறேன். குப்பைத்தொட்டியை இழுத்தால் ஸாரி, தும்மினால் ஸாரி. ஜெபமணிக்கு அதை எந்த மொழியில் சொல்வது? அந்த ஆங்கிலச் சொல்லை அனுப்பினால் கேலி என்று நினைப்பான். மன்னிப்பு என்று எழுதினால் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வாசிக்கும் அறிக்கை போல இருக்கும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்வதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். நான் தெரிந்தேதான் செய்தேன். இரண்டு நாள் யோசித்து, கடைசியில் மரவள்ளி நடச் சொல்லி இப்படி அனுப்பினேன்: "எனக்க பங்குலயும் நீ மரச்சீனி வச்சுக்கோ. சும்மா காடு பிடிச்சிக் கெடக்காண்டாம்."

இரண்டு நாள் பதில் இல்லை. நேற்றுக் காலை குரல் பதிவு வந்தது.

"உனக்க மண்ணுல நான் எதுக்குக் கால வைக்கணும்? எனக்கு எனக்க விளையே அதிகம். காடு பிடிச்சித்தான் கெடக்கு. போன வாரம் ரெண்டு பாம்பு அடிச்சோம். ரீத்தா அந்த வழிய நடக்கப் பயந்து கெடக்கா. வேணுமெண்ணா வந்து நீயே வெட்டு. உனக்க மோட்டார நான் மழை நனையாம மூடிப் போட்டிருக்கேன், வயர மாட்டிக்கோ. வந்தா எங்கிட்ட வர்த்தானம் பேச வராத. எனக்குப் பேச ஒண்ணும் இல்ல."

நான்கு முறை கேட்டேன். எங்காவது பாசம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடினேன். கோபம்தான் இருந்தது, ஒரு வருடம் கழிந்தும் சூடு ஆறாமல். எனக்கும் அவன் மேல் கோபம் போய்விடவில்லை. அம்மையைப் பற்றி அவன் சொன்னதை நான் மறக்கப் போவதில்லை. நான் பிடுங்கியதை அவனும் மறக்கப் போவதில்லை.

அனிதாவிடம் சொன்னேன், மாமா பதில் போட்டிருக்கிறான், வந்து வெட்டச் சொல்கிறான் என்று. அவள் தமிழுக்கு அது கொலை மிரட்டலாகக் கேட்டிருக்கிறது. "போலீஸ்ல சொல்லலாமா?" என்றாள். காட்டை வெட்டச் சொல்கிறான் மோளே என்று விளக்கி முடிப்பதற்குள் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. "அப்போ ரெண்டு பேரும் சமாதானமா?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றேன்.

இன்று காலை டிக்கெட் எடுத்தேன், ஐப்பசி மழைக்கு முன் போய்ச் சேர்கிற மாதிரி. பிறகு அவனுக்கு எழுதினேன்: "வாறேன். பேச மாட்டேன்."

அனுப்பிய மறுநொடியே, அவன் பார்த்துவிட்டதற்கான இரண்டு நீலக் கோடு விழுந்தது.